வுட்வர்ட் ட்ரீம் குரூஸ்: ஓடுகிற காரை எடுத்தால் நிறுத்தி வைத்த மாதிரி வருகிறது

டிராய்வாசி
செவ்வாய், இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகனுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. போன ஆகஸ்டில்தான் முதல்முறையாக வுட்வர்ட் ட்ரீம் குரூஸுக்குப் போனேன். இதுவரை போகாதவர்களுக்காக: ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, டெட்ராய்டுக்கு வடக்கே ஃபெர்ன்டேலில் தொடங்கி போன்டியாக் வரை 16 மைல் சாலை முழுக்கப் பழைய கார்கள் ஓடும். 40,000 வண்டிகள், பத்து லட்சம் பார்வையாளர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எண்ணியவருக்குக் கண் வலித்திருக்கும்.

ஏறக்குறைய 900 படம் எடுத்தேன். முதல் 600 படங்களுக்கு ஷட்டர் திறந்திருந்தது 1/1000 விநாடி. எல்லாமே பளிச்சென்று இருக்கின்றன, வீல் நட்டை எண்ணலாம். ஆனால் ஒரு கார்கூட ஓடவில்லை. ஷோரூமில் நிறுத்தி வைத்த வண்டியைச் சாலையில் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. பேனிங் (ஓடுகிற வண்டியோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பது) பண்ணலாம் என்று மதியத்துக்கு மேல் 1/30க்கு இறங்கினேன். 300 எடுத்ததில் நான்குதான் தேறியது. அந்த நான்கிலும் கதவு கூர்மையாக இருக்கிறது, முகப்பு விளக்கும் வாலும் கரைந்து போயிருக்கின்றன.

கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, 24-70 மிமீ, 70-200 மிமீ லென்ஸ்கள். பெரும்பாலும் நடைபாதை ஓரத்தில் நின்று 24-70லேயே எடுத்தேன். இந்த வாரக் கடைசியில் மறுபடியும் குரூஸ். எங்கே தப்பு செய்கிறேன்?

குரோம்பிரியன்
செவ்வாய், இரவு 11:15

முதலில் சக்கரக் கணக்கு. நான் பிழைப்புக்கு வண்டிக் கம்பெனியில் கணக்குப் போடுகிறவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கார் டயரின் விட்டம் ஏறக்குறைய 27 அங்குலம். ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர் போகும். மணிக்கு 30 மைல் என்றால் விநாடிக்கு 13.4 மீட்டர், அதாவது விநாடிக்கு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. 1/1000ல் சக்கரம் திரும்புவது இரண்டே டிகிரி. அது நிற்கிற சக்கரம்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 1/125ல் 18 டிகிரி. 1/60ல் 37. 1/30ல் 74.

மஸில் கார்களில் (பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்கக் கார்கள்) மையத்திலிருந்து ஐந்து கை விரிகிற வீல் அதிகம் பார்த்திருப்பீர்கள். கைக்குக் கை 72 டிகிரி இடைவெளி. 1/30ல் ஒவ்வொரு கையும் பக்கத்துக் கையின் இடத்தைத் தொட்டுவிடுகிறது, அதனால் வீல் முழுக்க ஒரே புகைத் தட்டு. 1/60ல் கை இருப்பதும் தெரியும், அது சுழல்வதும் தெரியும். 30 மைல் வேகத்துக்கு எனக்குப் பிடித்தது 1/60தான்.

ஒரு சங்கடம்: எல்லா வீலும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. சில ஹாட் ராடுகளில் (மாற்றிக் கட்டிய பழைய கார்கள்) மொழுமொழுவென்று பால் கிண்ணம் கவிழ்த்த மாதிரி வீல் கப் போட்டிருப்பார்கள். அது எவ்வளவு சுற்றினாலும் படத்தில் அசையாது. வெள்ளை வளையம் போட்ட டயரும் அப்படியே, சுற்றச் சுற்ற அதே வளையம். அந்த வண்டிகளில் ஓட்டத்தைப் பின்னணிதான் சொல்ல வேண்டும்.

பழையஃபிலிம்
புதன், காலை 6:20

தம்பி, கணக்கு அப்புறம். முதலில் கால்.

கார் வருகிற திசையைப் பார்த்து நிற்கக் கூடாது. எந்த இடத்தில் ஷட்டரை அழுத்தப் போகிறீர்களோ அந்த இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கிக்கொள்ளுங்கள். வண்டி நெருங்க நெருங்க முறுக்குத் தானாக அவிழும். சரியாக எதிரே வரும்போது உடம்பு நேராக, தளர்வாக இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வண்டி எதிரே வரும் நேரத்தில் விறைத்துப் போய் ஆடுகிறார்கள்.

முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். அழுத்தி முடித்த பிறகும் வண்டியோடு கொஞ்ச தூரம் திரும்பிக்கொண்டே போங்கள். அழுத்தியதும் நின்றுவிடுவதுதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

கண் காரின் மொத்தத்தையும் பார்க்கக் கூடாது. கதவுக் கைப்பிடியோ பக்கவாட்டுக் குரோம் பட்டையின் நுனியோ, ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் கட்டத்தை அதன் மேலேயே வைத்திருங்கள். கை நடுக்கத்தை அடக்குகிற ஸ்டெபிலைசரில் பேனிங்குக்கென்று தனி மோடு இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் திருப்பலையே நடுக்கம் என்று நினைத்து எதிர்த்து இழுக்கும்.

நெய்வேலிக்காரி
புதன், காலை 9:05

அண்ணா, சனிக்கிழமை நடுப்பகலில் போனால் எந்தக் கணக்கும் உதவாது. அன்றைக்கு வண்டிகள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. பத்து மைல் வேகம் வந்தாலே பெரிது. நாங்கள் ஒன்பது வருடமாகப் போகிறோம், படம் எடுப்பதெல்லாம் வியாழன் சாயங்காலமும் வெள்ளி சாயங்காலமும்தான். ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் எல்லாம் அந்த வாரம் முழுக்கவே வண்டியை வெளியே எடுத்துவிடுவார்கள். அப்போது 25, 30 மைலில் நன்றாக ஓடும்.

இடம்: சிக்னலைத் தாண்டி நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பச்சை விழுந்ததும் வண்டிகள் கொத்தாக வரும், நடுவில் காலி இடைவெளி விழும். கொத்தில் முதலில் வருகிற வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை, அதுதான் உங்களுடையது. அதோடு, சிக்னலில் இருந்து கிளம்பும்போது வி8 இன்ஜின் வண்டிக்காரர்கள் ஒரு மிதி மிதிப்பார்கள். மூக்குக் கொஞ்சம் தூக்கும், படத்தில் அழகாக இருக்கும்.

வெயில்: சாலை வடமேற்காகப் போகிறது. மேற்குப் பக்க நடைபாதையில் நின்றால் மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், குரோம் எல்லாம் தங்கமாகும். ஆனால் நம் பக்கத்து லேன்களில் போவது தெற்கு நோக்கிப் போகிற கார்கள். நமக்குத் தெரிவது அவற்றின் வலது பக்கம், ஓட்டுகிறவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். முகம் வேண்டும் என்றால் நடுப் புல்தரையைத் தாண்டி, வடக்கே போகிற வண்டிகளை டெலியில் (தூரத்தை இழுக்கிற லென்ஸில்) பிடிக்க வேண்டும். அதற்கு நம் பக்கத்து நான்கு லேனும் காலியாக இருக்கிற நொடி கிடைக்க வேண்டுமே!

மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர், லெமன் சாதம். இதில் எதை மறந்தாலும் கடைசியைத் தவிர மற்றது கடையில் கிடைக்கும்.

டிராய்வாசி
புதன், மதியம் 12:30

நன்றி அக்கா, வியாழன் போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன். சார், அந்தக் கால் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இவ்வளவு நாளும் வண்டி வரும் பக்கம் பார்த்துத்தான் நின்றிருக்கிறேன்.

இன்னும் புரியாதது ஒன்று: கதவு கூர்மையாக இருந்தும் மூக்கும் வாலும் ஏன் கரைகின்றன? கை ஆடினால் எல்லாமே அல்லவா கரைய வேண்டும்?

குரோம்பிரியன்
புதன், மதியம் 1:10

கை ஆடவில்லை. நீங்கள் கிட்டத்தில் நின்றீர்கள், அவ்வளவுதான்.

கேமரா சுழல்கிறது, கார் நேர்கோட்டில் போகிறது. இரண்டும் சரியாக ஒத்துப்போவது உங்களுக்கு நேர் எதிரே இருக்கிற புள்ளியில் மட்டும். அங்கிருந்து முன்னாலோ பின்னாலோ போகப் போக ஒப்பு விட்டுப்போகும். 1959 காடிலாக் ஏறக்குறைய 5.7 மீட்டர் நீளம். நீங்கள் 6 மீட்டர் தள்ளி நின்று நடுக்கதவைத் தொடர்ந்தால், முகப்பு விளக்கிலும் அந்தப் பிரசித்தி பெற்ற வால் துடுப்பிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகு வரும். 30 மைல் வேகத்தில் 1/30 வைத்தால் அது ஏறக்குறைய 10 செ.மீ. இழுப்பு. விளக்கு இருந்த இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும். அதே காரை 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் பிசகு ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 1 செ.மீ. கூட இல்லை.

ஆகவே 24-70ஐப் பையில் வையுங்கள். நடைபாதையிலிருந்து எவ்வளவு பின்னால் போக முடியுமோ போய், 70-200ல் 90, 100 மிமீ பக்கம் வைத்து எடுங்கள்.

பலர் நம்பாத இன்னொன்று. டெலி போட்டால் பின்னணி அதிகமாக இழுபடும் என்கிறார்கள். படச் சட்டகத்தில் கார் ஒரே அளவு தெரியும்படி எடுத்தால், லென்ஸ் எதுவானாலும் இழுப்பு ஒன்றுதான். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கார் எவ்வளவு நகர்ந்ததோ, காரின் அளவில் அத்தனை நீளத்துக்குப் பின்னணி இழுபடும். 30 மைல், 1/30 என்றால் 45 செ.மீ. 5 மீட்டர் காருக்கு அது பதினோரு பங்கில் ஒன்று. சனிக்கிழமை ஊர்வலத்தில் அது 15 செ.மீ. தான் வரும். பாதி ஓட்டம், பாதி கை நடுக்கம் என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும். சரியாக வர 1/10க்கு இறங்க வேண்டும், அதைக் கையில் பிடிக்க முடிந்தவர்கள் பழையஃபிலிம் மாதிரி ஆட்கள்தான்.

எதிர் லேனில் வருகிற வண்டி பின்னணியில் விழுந்தால் அது மட்டும் இன்னும் அதிகமாக இழுபடும். சிவப்பு மஸ்டாங் ஒன்று அப்படிக் குறுக்கே போய் எனக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

மங்கல்லென்ஸ்
புதன், மாலை 4:45

எல்லாரும் மன்னிக்கணும். 20 மைலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகிற தாத்தாவை ரேஸ் ஓட்டுகிற மாதிரிக் காட்டுவது பொய் இல்லையா? குரூஸ் என்ற பேரே சாவகாசமாகப் போவது. 1/1000ல் வருவதுதான் நடந்தது. சரி, இழுப்புத்தான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் வீலுக்கு ஒரு சுழல் மங்கல், பின்னணிக்கு ஒரு இழுப்பு மங்கல், பத்து நிமிட வேலை. வெயிலில் நின்று 300க்கு 4 எடுப்பானேன்?

நெய்வேலிக்காரி
புதன், மாலை 5:20

தம்பி, கம்ப்யூட்டரில் செய்ததை நானும் பார்த்திருக்கிறேன். வீல் சுழலும், வீலுக்குப் பின்னால் தெரிகிற பிரேக்கும் சேர்ந்து சுழலும். கண்ணாடி வழியாகத் தெரிகிற மரம் மட்டும் இழுபடாமல் நட்டமாக நிற்கும். குரோம் பம்பரில் தெரு முழுக்கப் பிரதிபலித்து ஓடுமே, அது உறைந்து கிடக்கும். அதையெல்லாம் சரிசெய்ய உட்கார்ந்தால் பத்து நிமிடம் இல்லை, பத்து மணி நேரம்.

தாத்தா சாவகாசமாகப் போகட்டும். ஆனால் போகிறார் இல்லையா?

பழையஃபிலிம்
புதன், இரவு 9:50

பொய் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. ஜாக் ஆன்ரி லார்டிக் என்ற பிரெஞ்சுக்காரர் இருபது வயது நிரம்புவதற்குள் எடுத்த கிராண்ட் பிரி கார் படம் ஒன்று உண்டு. 1912 என்று வெகுகாலம் தேதி போட்டு வந்தார்கள். காரின் முன்பக்கம் சட்டகத்தை விட்டு வெளியே ஓடிவிட்டது. சக்கரம் முட்டை வடிவத்தில் முன்னால் சாய்ந்திருக்கும். ஓரத்தில் வேடிக்கை பார்க்கிறவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள், புயலில் நிற்கிற மாதிரி.

அவர் செய்த தந்திரம் எதுவும் இல்லை. அந்தக் கேமராவில் ஷட்டர் என்பது மெல்ல நகர்கிற ஒரு பிளவு. படத்தின் ஒரு விளிம்பும் மறு விளிம்பும் வேறு வேறு நேரத்தில் பதிவாகும். அவர் காரோடு திரும்பினார், ஆனால் காரின் வேகத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கார் சட்டகத்தில் முன்னேறிக்கொண்டே பதிந்தது, மனிதர்கள் பின்வாங்கிக்கொண்டே பதிந்தார்கள். பேனிங் பிசகிய படம் அது. வேகம் என்றாலே இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதை டிராய்வாசிக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் சத்தம் இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் பல கேமராக்களில் வரிவரியாகத்தான் படிக்கிறது. நீங்கள் திரும்பும்போது கார் நேராக இருக்கும், பின்னால் விளக்குக் கம்பங்களும் கடைச் சுவர்களும் வரிசையாகச் சாய்ந்துவிடும். லார்டிக் சாய்த்தால் கலை, நாம் சாய்த்தால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

டிராய்வாசி
புதன், இரவு 10:15

சார்! போன வருடப் படங்களை இப்போதுதான் திறந்து பார்த்தேன். கம்பங்கள் எல்லாம் சாய்ந்துதான் இருக்கின்றன. நான் ஏதோ கேமராவைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து நிமிர்த்தியிருக்கிறேன். நிமிர்த்தியதும் கார் மேடு ஏறியது. அதை மிச்சிகனில் மலை என்று ஊருக்கு வேறு அனுப்பினேன்.

இருங்காட்டுப்பார்வை
வியாழன், காலை 7:30

சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வருடக்கணக்காக எடுக்கிறவன். எங்கள் கஷ்டம் உங்களுக்கு நேர் எதிர். அங்கே வண்டி பறக்கும், 1/125லேயே பின்னணி கோடு கோடாகிவிடும். உங்களுக்கு மெதுவான வண்டி, மெதுவான ஷட்டர். அது இன்னும் கஷ்டம் என்பதுதான் என் எண்ணம், ஏனென்றால் மெதுவாகத் திரும்பும்போது கை வழுக்கிக்கொண்டு போகாது, விட்டுவிட்டு நகரும்.

பழக்கத்துக்கு ஒரு நாள் போதாது. நான் பழகியது பஸ் ஸ்டாண்டு வாசலில், டவுன் பஸ்களை வைத்து. பஸ் பக்கவாட்டில் எழுத்து இருக்கும், அது படிக்க முடிந்தால் தேறியது, முடியாவிட்டால் இல்லை. இவ்வளவு நேர்மையான வாத்தியார் கிடைக்க மாட்டார். இன்றைக்கு சாயங்காலம் போகும் முன் வீட்டு வாசலில் ஒரு அரை மணி நேரம் போகிற வருகிற வண்டிகளை எடுத்துக் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

1/125ல் தொடங்குங்கள். அதில் பாதி தேறினால் 1/80. அதில் மூன்றில் ஒன்று தேறினால் 1/60. நேரே 1/30ல் குதித்ததுதான் உங்கள் 300க்கு 4. எனக்கே 1/30ல் பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள்.

குரோம்பிரியன்
வியாழன், காலை 8:10

வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லை. வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் ஷட்டர் 1/125 பக்கம் நிற்கும். 1/30க்கு இறங்கினால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சமாகி வெளுத்துவிடும். அதற்கென்று வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள், போலரைசர் இருந்தால் அதையே மாட்டுங்கள். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைக்கும், கண்ணாடியில் வானம் பளபளப்பதையும் அடக்கி உள்ளே இருக்கிற முகத்தைக் காட்டும். குரோமின் மினுக்கத்தை அது தொடாது. உலோகத்திலிருந்து திரும்புகிற ஒளியிடம் போலரைசரின் பாச்சா பலிக்காது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கழற்றிவிடுங்கள், வேண்டியிருக்காது. நடுப்பகலில் மட்டும் தூரத்துக் கார்களை டெலியில் எடுக்காதீர்கள், தார்ச்சாலை அனலில் எல்லாம் நெளியும். ஃபோகஸ் பிசகியது என்று கேமராவைத் திட்டுவீர்கள்.

மங்கல்லென்ஸ்
வியாழன், காலை 8:40

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 20 மைல் வண்டி, 60 மைல் மாதிரித் தெரிந்தால் அது என்ன படம்?

டிராய்வாசி
வெள்ளி, காலை 12:50

போய்விட்டு வந்தேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்கு, குரூஸ் சாலையில் இருக்கிற ராயல் ஓக் ஊரில், மேற்குப் பக்கம், சிக்னலைத் தாண்டி ஒரு மரத்தடி. அக்கா சொன்ன மாதிரியே கொத்துக் கொத்தாக வந்தன. 1/125, 1/80, 1/60 என்று படிப்படியாக இறங்கினேன். மொத்தம் 410 படம். 1/60ல் 40 தேறியிருக்கிறது! கால் வைக்கிற முறை ஒன்றுக்கே பாதி புண்ணியம் போக வேண்டும்.

1964 போன்டியாக் ஜிடிஓ ஒன்று வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், இதே ராயல் ஓக்கில் இருந்த போன்டியாக் டீலர்கள் அந்த வண்டிகளை முடுக்கிவிட்டு இந்தச் சாலையில்தான் ராத்திரிப் பந்தயம் ஓடினார்கள் என்று கதை சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டே திரும்பினேன், அழுத்த மறந்துவிட்டேன். போன்டியாக் என்ற பிராண்டே 2010ல் போய்விட்டது, குரூஸ் முடிகிற ஊருக்கு மட்டும் அந்தப் பெயர் மிச்சம். வண்டி திரும்பி வரும் என்றார் பெரியவர். அடுத்த திருப்பத்தில் சுற்றிக்கொண்டு எல்லாரும் திரும்பி வருவார்களாம். வந்தது, ஆனால் எதிர்ப்பக்க லேனில், நடுவில் ஒரு டெலிவரி வேனோடு.

கடைசியில் எனக்குப் பிடித்த படம் வேறு. எட்டு மணி இருக்கும், வெயில் தாழ்ந்துவிட்டது. நீல நிற 1957 ஷெவர்லே பெல் ஏர். துணிந்து 1/30. ஓட்டுகிறவர் அந்தப் பக்கம், இந்தப் பக்க ஜன்னலில் ஒரு பாட்டி கையை வெளியே நீட்டிக் காற்றில் விரலை விரித்திருக்கிறார். கை கூர்மையாக இருக்கிறது, மோதிரம்கூடத் தெரிகிறது. பின் பம்பர் கொஞ்சம் கரைந்துதான் விட்டது. பின்னால் நாற்காலிக் கூட்டம் எல்லாம் வண்ணக் கோடுகள். முன் சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வின் மூடி வெயிலில் மின்னி, வீல் கப் மேல் சின்ன வில் மாதிரி ஒரு கீற்று வரைந்திருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

பழையஃபிலிம்
வெள்ளி, காலை 6:05

பம்பரை விடுங்கள். இந்தப் படத்தை வெட்டாதீர்கள், நிமிர்த்தாதீர்கள், அச்சுப் போட்டு மாட்டுங்கள்.

இருங்காட்டுப்பார்வை
வெள்ளி, காலை 6:30

410ல் 40 என்றால் என்னை விட மோசமில்லை. அந்தக் கையைத் திட்டமிட்டு எடுக்க முடியாது. அடுத்த முறை 1/30லும் ஒரு ஐம்பது படமாவது எடுங்கள்.

குரோம்பிரியன்
வெள்ளி, காலை 8:20

மங்கல்லென்ஸ், உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வால்வு மூடியில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி அந்தக் கீற்றை அளந்தேன். வீல் மையத்திலிருந்து பார்த்தால் 50 டிகிரி. ஒரு முழுச் சுற்று 2.15 மீட்டர் என்றால் 50 டிகிரிக்கு 30 செ.மீ. அதை 1/30 விநாடியில் கடந்திருக்கிறது, விநாடிக்கு 9 மீட்டர்.

மணிக்கு 20 மைல்.

மங்கல்லென்ஸ்
வெள்ளி, காலை 8:55

சரி. நாளைக்கு நானும் வருகிறேன். லெமன் சாதம் எத்தனை பேருக்கு?

நெய்வேலிக்காரி
வெள்ளி, காலை 9:10

நாளைக்கு வந்து என்ன பண்ணப் போகிறீர்கள், ஊர்வலத்தையா எடுக்கப் போகிறீர்கள்? இன்றைக்கே ஆறு மணிக்கு வாங்க. அதே மரம். சாதம் பத்துப் பேருக்கு இருக்கிறது, வடகம் யாராவது கொண்டுவரட்டும்.